யாருக்கும் மண்டியிடாதவர்களின் முட்டி நாள்

மக்டோரன் குலச் சங்கத்திடமிருந்து லாயிட் வீனோவுக்குக் கடிதம் வந்தபோது அவன் மனைவி பெரில் இறந்து பத்து வாரம் ஆகியிருந்தது. கனமான தாள், மேலே குலச்சின்னம், மூன்று பத்தி. முதல் பத்தியில் ஒரே ஒரு வரி அனுதாபம். மற்ற இரண்டு பத்தியும் முழங்காலைப் பற்றியவை.

ஸ்காட்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவர்களின் ஊரான போர்ட் கெல்டனில் ஜூலை மாதம் குல விளையாட்டு விழா நடக்கும். அன்று நண்பகலில், அந்த வருடம் இறந்துபோன குலத்தவரின் பெயர்களைச் சங்கத் தலைவர் ஒவ்வொன்றாக அழைப்பார். ஒரு பெயரை மூன்று தடவை. இறந்தவரின் சொந்தக்காரர் யாராவது குலத்தின் கட்டம்போட்ட பாவாடையான கில்ட் கட்டிக்கொண்டு வந்து 'இங்கே' என்று பதில் சொல்ல வேண்டும். சொன்னால் பெயர் மண்டபத்துப் பித்தளைப் பலகையில் ஏறும். சொல்லாவிட்டால் அப்படி ஒரு ஆள் குலத்தில் இருந்ததே இல்லை.

பெரில் பிறப்பால் மக்டோரன். சங்கத்தின் பேக்பைப் வாத்தியக் குழுவில் இருபத்தாறு வருடம் பெரிய டிரம் அடித்தவள். அந்த டிரம்மை லாரியில் ஏற்றி இறக்கியதோடு லாயிட்டின் குலத்தொண்டு முடிந்துவிடும். அவன் கில்ட் கட்டியதில்லை. அவன் தாத்தா ஜெர்மனியிலிருந்து வந்தவரா பிரான்ஸிலிருந்து வந்தவரா என்று அவன் வீட்டில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது, யாரும் கவலைப்பட்டதும் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில் பெரில் அவனிடம் கேட்டது இது ஒன்றைத்தான்.

"என் பேரைக் கூப்பிடறப்ப நீ இருப்பியா? மீன் பிடிக்கப் போறேன்னு ஓடிட மாட்டியே?"

"இருப்பேன்."

"கில்ட் கட்டணும்."

"கட்டறேன்."

"சிரிக்கக் கூடாது."

அதற்கு மட்டும் அவன் வாக்குக் கொடுக்கவில்லை. அவளே சிரித்துவிட்டாள், பிறகு இருமினாள். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. அவனை விட்டால் பதில் சொல்ல ஆளும் இல்லை.

கடிதத்தின் மீதிப் பகுதி சொன்னது: பதில் சொல்பவரின் கில்ட், மே மாதம் முதல் சனிக்கிழமை, முழங்கால் நாளில், அளந்து முத்திரையிடப்பட வேண்டும். கட்டியவர் மண்டியிட்டால் ஓரம் தரைக்கு ஒரு விரல் மேலே நிற்க வேண்டும். எந்தத் தையல்காரரும் கில்ட்டுக்கு அப்படித்தான் அளவு பார்ப்பார். தையல்காரர் ஒரு நிமிடத்தில் பார்த்து முடிக்கிற வேலையை போர்ட் கெல்டன்காரர்கள் ஒரு திருநாளாக ஆக்கியிருந்தார்கள். ஊர் அதை முட்டி நாள் என்று சொல்லும்.

லாயிட் அந்த மாவட்டத்தின் பனி தள்ளும் லாரிக்கு டிரைவர். பன்னிரண்டு வருடத்துக்கு முன் படகுத்துறையில் உறைபனி வழுக்கி விழுந்ததில் அவன் இடது முட்டிக்குள் ஒரு தகடும் இரண்டு ஸ்க்ரூவும் ஏறியிருந்தன. லாரியில் ஏறுகிற அளவுக்கு மடங்கும். அதற்கு மேல் ஆண்டவனே வந்து சொன்னாலும் மடங்காது.

டாக்டர் சீட்டை எடுத்துக்கொண்டு, பெரிலின் கில்ட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பினான். பெரில் தாட்டியான பெண் என்பதால் இடுப்புக்குச் சரியாக இருந்தது. எட்டு கெஜம் கம்பளி, பச்சையும் கறுப்புமாகக் கட்டம். அந்துருண்டை வாசனைக்கு அடியில் அவள் வாசனையும் கொஞ்சம் இருந்தது. அதற்காகவே அவன் அதைத் துவைக்கவில்லை.

மண்டபத்து வாசலுக்கு மேலே கருங்கல்லில் முன்னோர்களின் கேலிக் மொழியில் ஒரு வரி செதுக்கியிருக்கிறது. ஊரில் அந்த மொழி தெரிந்தவர்கள் எல்லாரும் கல்லறைக்குப் போய்விட்டார்கள், ஒருவரைத் தவிர. இருந்தாலும் பொருள் எல்லாருக்கும் மனப்பாடம்: 'யாருக்கும் மண்டியிடோம்.' காப்பிக் கோப்பையில், காரின் பின்கண்ணாடியில், கல்யாணக் கேக்கில்கூட அதைப் பார்க்கலாம். அந்த வரிக்கு அடியில் நுழைந்துதான் வருடா வருடம் இருநூற்றுச் சொச்சம் பேர் வரிசையாக மண்டியிடுகிறார்கள்.

மொழி தெரிந்த அந்த ஒருவர் ஹெக்டர் மக்காஸ்கில். எழுபத்து மூன்று வயது. எதிர்ப்பக்கம் தன் பழைய டிரக்கின் பின்பலகையைத் திறந்து போட்டு உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்தார். போன வருடப் பொதுக்கூட்டத்தில் இவர் எழுந்து ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று யாரும் வெளியே சொல்வதில்லை. அன்றே பதிவேட்டிலிருந்து இவர் பெயரை நீக்கினார்கள். மறுநாள் கடையில் இவரை விட்டுவிட்டு இவருக்குப் பின்னால் நின்றவருக்குச் சாமான் போட்டார்கள். தபால்காரர் இவர் வீட்டைத் தாண்டிப் போனார். தெருவில் எதிரே வருகிறவர்கள், கம்பத்துக்கு விலகுவதுபோல விலகிப் போனார்கள். லாயிட் சங்கத்தில் இல்லாதவன். அதனால் அவன் கண்ணுக்கு மட்டும் ஹெக்டர் தெரிந்துகொண்டிருந்தார்.

"என்னடா லாயிட், பாவாடை ஜோரா இருக்கே!"

"பெரிலோடது."

"தெரியுது. அவளுக்கு இதைவிட நல்லா இருக்கும்." ஆப்பிளை ஒரு கடி கடித்தார். "உள்ள முட்டி போடச் சொல்லுவானுங்க."

"எனக்குத்தான் மடங்காதே. டாக்டர் சீட்டு இருக்கு."

ஹெக்டர் சிரிக்கவில்லை. சாவு வீட்டிலும் சிரிக்கிற மனிதர் சிரிக்காதது லாயிட்டுக்கு என்னவோபோல இருந்தது.

"உள்ள போய் சீட்டை மட்டும் குடு. வாயைத் திறக்காதே. முக்கியமா, உதாரணம் எதுவும் சொல்லித் தொலைக்காதே."

உள்ளே மணி அடித்தது. இருநூற்றுப் பதினோரு பேர் ஒரே சமயத்தில் மண்டியிட்டார்கள். நானூற்று இருபத்திரண்டு முட்டி மரத்தரையில் இறங்குகிற சத்தம் ஒரு தடவை கேட்டவர்களுக்கு மறக்காது. பெரிய மிருகம் ஒன்று படுத்துக்கொள்கிற மாதிரி இருக்கும். வெளியே விரிகுடாவில் கப்பல்களை எச்சரிக்கும் மூடுபனிச் சங்கு மட்டும் ஊதியது. லாயிட் கொடிக்கம்பம்போல நின்றான்.

செயலாளர் மோராக் கில்லிஸ் பித்தளை அளவுகோலோடு வரிசை வரிசையாக வந்து அவன் முன்னால் நின்றாள்.

"மிஸ்டர் வீனோ, முட்டி போடுங்க."

"முடியாதும்மா. உள்ள ரெண்டு ஸ்க்ரூ இருக்கு."

"ஸ்க்ரூவுக்குப் படிவத்துல கட்டம் இல்லையே." சீட்டை அவள் வாங்கவே இல்லை. "விலக்கு விண்ணப்பம் அந்த மேஜையில இருக்கு. எழுதிக் குடுங்க."

அந்த மேஜை ஒன்றரை அடி உயரம். அதன்மேல் 'மண்டியிட இயலாதோர் விண்ணப்பம்' என்று ஒரு கட்டுத் தாள்.

"இவ்வளவு தாழ்வா இருக்கே, எப்படி எழுதறது?"

"எல்லாரும் முட்டி போட்டுத்தான் எழுதுவாங்க," என்றாள் மோராக்.

லாயிட் குனிந்து எழுதினான். பின்வரிசைக்குக் கிடைத்த காட்சியைச் சொல்லாமல் விடுவதே நாகரிகம். நல்லவேளை, உள்ளே நீளக் கம்பளிக் கால்சட்டை போட்டிருந்தான். கில்ட்டுக்கு உள்ளே எதுவும் போடாததுதான் மரபு என்பதால் அதுவும் ஒரு குற்றமாகக் குறித்துக்கொள்ளப்பட்டது.

சங்கத் தலைவர் டாக்டர் ரோரி மக்டோரன் மேடைக்கு வந்தார். ஓய்வு பெற்ற பல் டாக்டர். ஊரில் பாதிப்பேர் அவர் சொன்னதும் வாயைத் திறந்தவர்கள். மீதிப்பேரையும் சேர்த்து இப்போது மூடவும் பழக்கிவிட்டிருந்தார். விண்ணப்பத்தைப் படித்து முடித்துவிட்டு அன்பாகக் கேட்டார்.

"லாயிட், நாம ஏன் மண்டி போடறோம்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அளவு பார்க்க."

யாரோ மூச்சை இழுத்தார்கள்.

"இல்ல. நம்ம முன்னோர்களை நிலத்தை விட்டுத் துரத்தினாங்க. கப்பல்ல ஏத்தினாங்க. அப்பவும் அவங்க யாருக்கும் மண்டி போடல. அந்த ரத்தம் நம்ம உடம்புல இன்னும் ஓடுதான்னு எப்படித் தெரியும்? சோதிச்சுப் பார்க்கணும். வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாரும் மண்டி போடறோம். எவ்வளவு கஷ்டமா இருக்குன்னு பார்க்கறோம். கஷ்டமா இருந்தா நாம சுதந்திரமானவங்க. இங்க மறுக்கறவன் யாரு? மண்டி போட அவனுக்குப் பயம். பயந்தவனுக்குக் குலம் எதுக்கு?"

இருநூற்றுப் பதினோரு பேரும் தரையைப் பார்த்தபடி ஆமோதித்தார்கள்.

"எனக்குப் பயம் இல்லைங்க. ஸ்க்ரூ," என்றான் லாயிட். "இதுவரைக்கும் யாருக்குமே விலக்கு குடுத்ததில்லையா?"

"ஒருத்தருக்குமில்ல."

அப்போதுதான் ஹெக்டர் சொல்லாதே என்றதை அவன் சொன்னான். "வாசல்ல வெண்கலத்துல நிக்கறாரே, சங்கத்தை ஆரம்பிச்சவரு. அவரு நின்னுக்கிட்டுத்தானே இருக்காரு?"

மோராக் அளவுகோலைக் கீழே வைத்தாள். டாக்டர் ரோரி வெகுநேரம் ஜன்னல் வழியாகச் சிலையைப் பார்த்தார். அந்தக் கோணத்தில் அவர் அதை அதற்கு முன் பார்த்ததில்லை என்று தெரிந்தது.

"நன்றி, லாயிட்," என்றார். "நல்ல விஷயத்தைக் கவனத்துக்குக் கொண்டுவந்தீங்க."

அடுத்த வியாழக்கிழமை லாயிட் அந்தப் பக்கம் லாரியில் போனபோது, சிலையைச் சுற்றிப் பள்ளம் தோண்டி அதை முட்டிவரை மண்ணுக்குள் இறக்கியிருந்தார்கள். வெண்கலக் கில்ட்டின் ஓரம் புல்லுக்கு ஒரு விரல் மேலே நின்றது. சிலையின் முகம் முன்போலவே பெருமிதமாகத் தொலைவைப் பார்த்துக்கொண்டிருந்தது. லாயிட் லாரியை நிறுத்தினான். தன் வாயிலிருந்து விளையாட்டாக விழுந்த ஒரு சொல்லுக்கு ஒரு டன் வெண்கலம் கீழே இறங்கியிருக்கிறது.

அன்று மாலை ஹெக்டர் சீட்டாட வந்தார். டீயை ஊற்றிக்கொண்டே லாயிட் கேட்டான்.

"போன வருஷம் அப்படி என்னதான் சொன்னீங்க?"

"வாசல் கல்லுல இருக்கிறதைப் படிச்சுக் காட்டினேன்."

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?"

"சங்கத்தை ஆரம்பிச்ச புண்ணியவான் ஸ்காட்லாந்துலேருந்து ஒரு கில்ட் வாங்கிட்டு வந்தான். இடுப்புப் பட்டைக்கு உள்ள ஒரு துண்டுத் துணி, அதுல ஒரு வரி எழுத்து. இவனுக்குக் கேலிக் வராது. குலத்தோட மந்திரம்னு நினைச்சுட்டான். கல்லுல வெட்டி, பொருளையும் தானே சொல்லிட்டான்." ஹெக்டர் சீட்டைக் கலைத்தபடி குரலைத் தாழ்த்தினார், அந்த வீட்டில் வேறு யாரும் இல்லாதபோதும். "அது தையல்காரன் வேலைக்காரப் பையனுக்கு எழுதின குறிப்புடா. 'முட்டி போடச் சொல்லி அளவு பார். ஓரம் இன்னும் அடிக்கல.' அவ்வளவுதான்."

லாயிட் விழுந்து விழுந்து சிரித்தான். பெரில் இறந்த பிறகு முதல் தடவை. ஹெக்டர் காத்திருந்தார்.

"நானும் ஏழு வயசுல படிச்சுட்டுச் சிரிச்சேன். அறுபத்தஞ்சு வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். போன வருஷம் சொல்லிட்டேன். ஒருத்தன் சிரிக்கலடா. ரோரி என்னைப் பார்த்து, 'அப்ப நாம சரியாத்தான் செஞ்சுக்கிட்டு வந்திருக்கோம்'னு சொன்னான். அப்புறம் என் பேரை அடிச்சான்." சீட்டைப் போட்டார். "பேசாம விட்டுடு லாயிட். பெரில் கோவிச்சுக்க மாட்டா."

"அவ கேட்டா. நான் ஒத்துக்கிட்டேன்."

"உனக்கு அவ பேரு பலகையில இருக்கணுமா?"

"எனக்கு எதுக்கு? அவளுக்கு இருக்கணும்," என்றான் லாயிட். சீட்டை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டான்.

ஜூன் மாதத்தில் சங்கத்திலிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. முதல் கடிதம் கனிவாக இருந்தது. 'தங்கள் உடற்குறையைப் பரிவோடு பரிசீலித்ததில், பெயர் அழைப்பு நாளன்று மைதானத்தில் தங்களுக்கென ஒரு வசதிக்குழி தோண்டப்படும். தாங்கள் அதில் நின்றால் மண்டியிட்டதாகவே கருதப்படும். ஆழம் இருபது அங்குலம்.' லாயிட்டுக்கு மனசு லேசானது. மனிதர்கள் அவ்வளவு மோசமில்லை என்று நினைத்துக்கொண்டான்.

இரண்டாவது கடிதம்: 'பெயர் அழைப்பின்போது மண்டியிட்டிருக்கும் எந்த உறுப்பினரின் தலைக்கும் மேலாக விண்ணப்பதாரரின் தலை தெரியலாகாது. உறுப்பினர்களிலேயே குட்டையானவர் திருமதி எஃபி மக்டோரன், வயது எண்பத்து நான்கு. அவரை மண்டியிடச் செய்து அளந்ததன் அடிப்படையில் ஆழம் முப்பத்தொரு அங்குலமாகத் திருத்தப்படுகிறது.' மூன்றாவது: 'அஞ்சலி நேரத்தில் திருமதி எஃபி தலை குனிவார் என்பது கவனத்துக்கு வந்தது.' நான்காவது புல்லின் உயரத்தைப் பற்றியது. ஐந்தாவது மழைநீர் வடிகாலைப் பற்றியது. கடைசிக் கடிதத்தில் ஆழம் ஐம்பத்திரண்டு அங்குலம். அடிக்குறிப்பில், 'நிகழ்ச்சி நிரலில் குழி மூடுதலுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கப்பட்டுள்ளது.'

விழா நாளன்று மூடுபனி மைதானத்தை விட்டு விலகவே இல்லை. பொரித்த மீன் வண்டியும் கூடாரங்களும் நிழலாகத் தெரிந்தன. சங்கு நிமிடத்துக்கு ஒரு தடவை ஊதியது. மைதானத்தின் நடுவில், ஓரமெல்லாம் நேர்த்தியாக வெட்டி, அந்தக் குழி. பக்கத்தில் தோண்டிய மண் குவியலாக இருந்தது. நான்கு பேர் மண்வெட்டியோடு கில்ட் கட்டி நின்றார்கள். எல்லாரும் தெரிந்தவர்கள்தான். ஒருவன் லாயிட்டோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன்.

"கொஞ்சம் ஆழமா இல்ல, டெஸ்மண்ட்?" என்றான் லாயிட்.

"தீர்மானத்துல இருக்கிற அளவுதான்," என்றான் டெஸ்மண்ட், அவன் முகத்தைப் பார்க்காமல்.

இரண்டு பேர் கையைப் பிடித்து இறக்கினார்கள். குழியின் விளிம்பு அவன் மார்புவரை வந்தது. ஈரமண் நாற்றம். கண்ணுக்கு நேரே புல்லும், புல்லுக்கு அந்தப் பக்கம் வரிசை வரிசையாக மண்டியிட்ட தொடைகளும். பெரிலின் பெரிய டிரம் தரையில் சாய்ந்திருந்தது. அதை அடிப்பதற்கு அவர்கள் இன்னும் ஆள் போடவில்லை. அதைப் பார்த்ததும், சரி, கொஞ்ச நேரம்தானே, ஏறின பிறகுதான் மூடுவார்கள் என்று தேற்றிக்கொண்டான்.

டாக்டர் ரோரி பெயர்களை அழைத்தார். முதல் பெயர், இங்கே. இரண்டாவது பெயர், இங்கே. பிறகு, "பெரில் மக்டோரன்."

"இங்கே!" என்றான் லாயிட். அவன் எதிர்பார்த்ததைவிடச் சத்தமாக வந்தது.

மோராக் எழுதாமல் பேனாவைத் தூக்கிப் பிடித்தாள். அளவுகோலோடு குழிவரைக்கும் வந்து, அதை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"ஓரம் தரைக்கு மேல ஒரு விரல் இருக்கணும், தலைவரே. இது தரைக்குக் கீழ முப்பத்திரண்டு அங்குலம் இருக்கு."

"அப்படியா?" டாக்டர் ரோரி மெய்யாகவே கவலைப்பட்டார். "தரைக்குக் கீழ கில்ட் கட்டிக்கிட்டு இருக்கிறவங்களை நம்ம பதிவேடு என்னன்னு சொல்லுது?"

போர்ட் கெல்டனில் எல்லாரையும் கில்ட்டோடுதான் புதைப்பார்கள். மோராக் பக்கத்தைப் புரட்டவே இல்லை.

"காலமானவங்கன்னு சொல்லுது."

"பெரில் மக்டோரன்," என்று இரண்டாம் தடவை அழைத்தார் தலைவர், கூட்டத்தைப் பார்த்து.

"இங்கதான்யா இருக்கேன்! நான் அவ புருஷன்!"

"பெரில் மக்டோரன்."

"இங்கே! இங்கே! காது கேக்கலையா உங்களுக்கெல்லாம்? இருபத்தாறு வருஷம் உங்களுக்கு டிரம் அடிச்சவ!"

இருநூற்றுப் பதினோரு பேரில் ஒருவர்கூட நிமிரவில்லை. எஃபி மட்டும் தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டார். "பதில் இல்லை," என்றார் தலைவர். மோராக் எழுதினாள். பேனாவின் சத்தம் குழிவரைக்கும் கேட்டது.

"இன்னொரு பெயர் சேர்ந்திருக்கு. விதிப்படி அழைச்சாகணும்," என்றார் டாக்டர் ரோரி. "லாயிட் வீனோ."

மூடுபனிச் சங்கு ஊதி நின்றது.

"லாயிட் வீனோ."

"யோவ், நான் உயிரோட இருக்கேன்யா!"

"லாயிட் வீனோ."

"இங்கதான் இருக்கேன்!"

"பதில் வந்தது," என்றார் தலைவர் திருப்தியாக. "பலகையில் ஏற்றவும்."

பெரிலுக்காக அவன் சொன்ன பதில் செல்லவில்லை. தனக்காகச் சொன்ன பதில் செல்லுபடியானது. இதில் ஏதோ இடிக்கிறது என்று அந்த மைதானத்தில் மண்டியிட்டிருந்த யாருக்கும் தோன்றவில்லை. டெஸ்மண்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பன்னிரண்டு நாற்பது. நிரலில் அடுத்தது குழி மூடுதல், அதற்கடுத்து மரத்தூண் எறியும் போட்டி. முதல் மண்வெட்டி மண் லாயிட்டின் செருப்பின்மேல் விழுந்தது.

"டெஸ்மண்ட்! டேய்!"

டெஸ்மண்டின் கண்ணில் கண்ணீர் இருந்தது. அதோடுதான் இரண்டாவது மண்வெட்டியையும் போட்டான். இறந்தவன் கத்துவது அவனுக்குக் கேட்கக்கூடாது, கேட்கவும் இல்லை.

ஏறி வர ஒரே வழி, முட்டியைத் தூக்கிக் குழியின் விளிம்பில் ஊன்றுவது. அவனுக்கோ ஒரு முட்டி மடங்காது, மற்றது மட்டும் போதவில்லை. மண் கணுக்காலைத் தாண்டியது. லாயிட்டுக்கு அப்போதுதான் புரிந்தது. இவர்கள் நிறுத்தமாட்டார்கள். நிறுத்தச் சொல்லி யாரும் தீர்மானம் போடவில்லை.

"கில்ட்டை அவுத்து வீசுடா, மடையா!"

தலைக்கு மேலே ஹெக்டர் நின்றார். வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்திருக்கிறார். யாரும் தடுக்கவில்லை. இல்லாத ஆளை எப்படித் தடுப்பது? லாயிட் வாரை இழுத்துவிட்டான். எட்டு கெஜம் கம்பளி அவிழ்ந்தது. ஒரு முனையைக் கையில் சுற்றிக்கொண்டு மறுமுனையை மேலே எறிந்தான். ஹெக்டர் அதைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு பின்னோக்கி நடந்தார். துணி முறுகியது, ஆனால் பெரிலின் கில்ட் கிழியவில்லை. லாயிட் புல்லின்மேல் குப்புற வந்து விழுந்தான், மண்ணும் சேறுமாக, நீளக் கம்பளிக் கால்சட்டையோடு.

குழி நிரம்பிக்கொண்டே இருந்தது. நான்கு பேரும் அதைத் தட்டிச் சமமாக்கினார்கள். லாயிட்டும் ஹெக்டரும் மண்டியிட்ட கூட்டத்தின் நடுவே நடந்து வெளியேறினார்கள். எழுந்திரு என்று தலைவர் இன்னும் சொல்லவில்லை. சாலைக்கு வந்து திரும்பிப் பார்த்தபோதும் அவர்கள் மூடுபனியில் அப்படியேதான் இருந்தார்கள்.

அதன் பிறகு லாயிட்டுக்கும் கடையில் சாமான் கிடைக்கவில்லை. மாவட்ட அலுவலகத்தில் டிரைவர் பட்டியலிலிருந்து அவன் பெயரை எடுத்தார்கள். மண்டபத்துப் பலகையில் அவன் பெயர் பளபளவென்று ஏறியது. பெரிலின் பெயர் ஏறவில்லை. அதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்த அன்று அவன் சாப்பிடவில்லை. லாரி மட்டும் அவன் வீட்டு முற்றத்திலேயே நின்றது, சாவி அவன் சட்டைப் பையில். இறந்தவனிடம் சாவியை எப்படிக் கேட்பது என்று விதியில் எங்கும் இல்லை.

ஜனவரியில் சங்கத்தின் குளிர்கால விருந்து. சனிக்கிழமை மதியம் எல்லாரும் மண்டபத்துக்குள் போனார்கள். மூன்று மணிக்குப் பனி விழத் தொடங்கியது. ஞாயிறு காலையிலும் நிற்கவில்லை. மாவட்டத்தின் இன்னொரு லாரி பாலத்துக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் கிடந்தது. பத்து மணி இருக்கும், லாயிட்டும் ஹெக்டரும் சீட்டாடிக்கொண்டிருந்தபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது.

டாக்டர் ரோரி. தலையிலும் புருவத்திலும் பனி. மண்டபத்திலிருந்து அரை மைல் தூரத்தையும் நடந்தே வந்திருந்தார். முழங்கால்வரை பனியில் நின்றார். அவர் கில்ட்டின் ஓரம் பனிக்கு ஒரு விரல் மேலே இருந்தது.

அவர் லாயிட்டைப் பார்க்கவில்லை. கதவு நிலையைப் பார்த்துப் பேசினார்.

"இந்த வீட்டுல யாராவது இருந்தா, அங்க இருநூறு பேர் மாட்டிக்கிட்டு இருக்காங்கன்னு தெரிஞ்சுக்கலாம். விறகு தீர்ந்துடுச்சு. நாற்காலியை உடைச்சு எரிக்கறோம்."

"ஓட்ட ஆள் இல்லையே டாக்டர்," என்றான் லாயிட். "டிரைவர் செத்துட்டாரு. பலகையிலேயே போட்டிருக்கு."

டாக்டரின் வாய் திறந்தது. ஆயுள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்க வைத்தவர், இப்போது தானே திறந்துகொண்டு நின்றார்.

"அது... ஒரு நிர்வாக நடைமுறை..."

"அவ பேரைக் கூப்பிடுங்க."

"ஜூலையிலதான் விதி..."

"இப்ப. மூணு தடவை."

டாக்டர் தெருவைத் திரும்பிப் பார்த்தார். தெரு இருந்த இடமே தெரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பெரில் மக்டோரன்."

ஹெக்டர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

"பெரில் மக்டோரன்."

சுவரில் அந்தக் கில்ட் தொங்கியது. முறுகியதில் மடிப்பெல்லாம் போய்விட்டிருந்தது. லாயிட் அதைப் பார்த்தான்.

"பெரில் மக்டோரன்."

"இங்கே," என்றான் லாயிட். அவன் சிரிக்கவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

டாக்டர் ரோரி பெருமூச்சு விட்டார். ஆறு மாதத்தில் முதல் தடவையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தார். "சரி லாயிட், வண்டியை எடுங்க."

"செத்தவன் எப்படி டாக்டர் வண்டி ஓட்டுவான்? நீங்க போய் ஒரு கூட்டம் போடுங்க. நான் உயிரோட இருக்கேன்னு தீர்மானம் போட்டு, அவ பேரையும் பலகையில ஏத்திட்டு வாங்க. ஆளுங்கதான் எல்லாரும் உள்ளயே இருக்காங்களே."

"தீர்மானத்துக்கு எல்லாரும் மண்டி போட்டுத்தான் ஓட்டுப் போடணும். அந்தத் தரை பனிக்கட்டியா இருக்கு, லாயிட்!"

"கஷ்டமா இருக்கான்னு பாருங்க," என்றான் லாயிட். "இருந்தா நீங்க சுதந்திரமானவங்க."

கதவைச் சாத்தினான். சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் சீட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தான். ஹெக்டர் ஜன்னலருகே போனார். டாக்டர் ரோரி வேலிவரைக்கும் போயிருந்தார்.

"அளவு சரியாத்தான் இருக்கு," என்றார் ஹெக்டர். "ஒரு விரல்."

சற்று நேரத்தில் மறுபடி பார்த்தார்.

"இப்ப ஓரம் தெரியல. பனிக்குக் கீழ போயிடுச்சு."

லாயிட் சீட்டைக் கலைத்தான். பனி விழுந்துகொண்டே இருந்தது.